தலைமை அலுவலகத்துக் கிலோமீட்டர்

“தரைய அளந்து பாக்கணும் சார். ஆள் அனுப்புங்க.”

கண்காணிப்பாளர் முதலில் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு ஜன்னலைச் சாத்தினார். அந்த அறையில் சாத்துவதற்கு வேறு எதுவும் இல்லாததால், மேசைமேல் திறந்துகிடந்த ஃபைலையும் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

நிலப்பட இயக்ககத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே இதே மனிதர் எச்சரித்திருந்தார். இங்கே விடுப்பு கேட்கலாம். நாற்காலி கேட்கலாம். நாற்காலி கிடைத்தால் அதற்கு நான்காவது கால் கேட்கலாம். எதுவும் கிடைக்காது, ஆனால் கேட்கலாம். தரையைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எந்தக் காலத்திலும் யாரிடமும் கேட்கக் கூடாது. அவளுக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவன் கேட்டானாம். அவன் இப்போது எங்கே என்று அவள் விசாரித்தபோது, அதையும் கேட்கக் கூடாது என்றார்.

“யார் காதுலயாவது விழுந்துதா?” என்றார் இப்போது.

“உங்க காதுல விழுந்துச்சு சார். அதுக்குத்தான் சொன்னேன்.”

அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். எந்த இடத்தில் எந்தப் பேச்சை விழுங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க அவளுக்கு முன்னால் போனவர்கள் யாரும் இல்லை. அம்மா மெத்தை உறை தைக்கும் கூடத்தில் தையல் வேலை செய்பவள். அண்ணன் ஒன்பதாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு லாரியில் ஏறியவன். நேர்முகத் தேர்வில், குடும்பத்தில் யாருக்காவது வரைபடம் பார்க்கத் தெரியுமா என்று கேட்டார்கள். “வழி கேட்டுப் போற மாதிரி எடத்துக்கு எங்க வீட்ல யாரும் போனதே இல்ல சார்” என்றாள். அதை அவர்கள் பணிவு என்று எடுத்துக்கொண்டு வேலை கொடுத்துவிட்டார்கள்.

கொடுத்த வேலையும் சின்னதுதான். இணையத்தில் ஏறப்போகும் புதிய நிலப்படத்தின் இடது கீழ்மூலையில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு இருக்கும். பக்கத்தில் ‘500 மீ’ என்றோ ‘2 கி.மீ’ என்றோ எழுதியிருக்கும். படத்தில் இவ்வளவு நீளம் என்றால் தரையில் எவ்வளவு தூரம் என்று சொல்வது அந்தக் கோட்டின் வேலை. அளவுப்பட்டை என்பது ஃபைலில் அதன் பெயர். வாய்ப்பேச்சில் வெறும் பட்டை. அதற்கு நிரல் எழுத வந்ததால் அவளுக்குப் பட்டைப் பொண்ணு என்று பெயர் விழுந்துவிட்டது.

பழைய நிரலைப் பிரித்துப் பார்த்தபோதுதான் வினை ஆரம்பித்தது. பூமி உருண்டை, திரை தட்டை. உருண்டையைத் தட்டையில் விரிக்கும் இந்தப் படத்தில் வடக்கே போகப் போக எல்லாம் இழுபட்டுப் பெரிதாகத் தெரியும். எழுத்து அச்சடித்த பனியனைத் தொப்பைக்காரர் போட்டால் எழுத்து தொப்பை மேல் விரிகிறதே, அப்படி. ஆகவே படம் எந்த ஊரைக் காட்டுகிறதோ, அந்த ஊரின் அட்சரேகையைப் பார்த்து பட்டை தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். இயக்ககத்தின் பட்டை எந்த ஊரையும் பார்க்கவில்லை. அட்சரேகை மாறிக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஓர் எண் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அந்த எண்ணுக்கு உரிய கோட்டைப் படத்தில் போட்டுப் பார்த்தாள். கோடு நாட்டின் தென்கோடிக்கு வந்து, அவள் இருந்த கட்டடத்துக்குள் நுழைந்து, நான்காம் மாடியில் இயக்குநர் நாற்காலி போட்டிருக்கும் மூலை வழியாக வெளியேறியது. நிரலில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் யாரோ குறிப்பு எழுதியிருந்தார்கள்: ‘மாற்ற வேண்டாம். மேலிடம் அறியும்.’

நாட்டில் இருக்கும் ஒவ்வொரு குளமும் சாலையும் சந்தும் இயக்குநரின் நாற்காலியில் இருந்தபடியே அளக்கப்பட்டிருந்தன.

திருத்துவதற்கு இரண்டு வரிகூடத் தேவைப்படவில்லை. தன் கணினியில் மட்டும் திருத்திவிட்டு, எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். தன் வீட்டைத் தேடினாள். வடகோடியில் ஒரு சின்ன ஊர். ஊருக்கு வெளியே எரிவாயுக் கிடங்கு. கிடங்கைத் தாண்டி நாற்பத்திரண்டு வீடுகள் கொண்ட ஒற்றைத் தெரு. கிடங்கில் புதிதாக ஒரு பெரிய தொட்டி கட்டி முடித்திருந்தார்கள். தொட்டியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருப்பு இருக்கக் கூடாது, இருந்தால் மாற்று வீடு கொடுத்த பிறகே தொட்டியில் வாயு நிரப்ப வேண்டும் என்பது சட்டம். பழைய பட்டைப்படி அவர்கள் தெரு ஆயிரத்து நாற்பது மீட்டர் தள்ளி இருந்தது. மாற்று வீடு கிடையாது. திருத்திய பட்டைப்படி எண்ணூற்றுத் தொண்ணூறு.

திரையில் ஒரு கறுப்புக் கோடு கொஞ்சம் நீண்டது, அவ்வளவுதான். அந்தத் தெருவில் அம்மா இருந்தாள், அண்ணன் இருந்தான், ஏழு மாத வயிற்றோடு அண்ணி இருந்தாள். வாயு நிரப்ப இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டுக் கண்காணிப்பாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். உண்மையில் நல்ல மனிதர். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்ததால் நல்ல மனிதராக இருப்பதை அதுவரைக்கும் தள்ளிப்போட்டிருந்தார். அவள் கேட்டதைக் கேட்காததாக வைத்துக்கொள்வதாகவும், சந்தேகம் இருந்தால் கீழ்த்தளத்தில் அளவு அறை இருக்கிறது, அங்கே போய்த் தீர்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

அளவு அறையை நடத்துபவரைத் துண்டுக்காரர் என்பார்கள். இயக்ககத்தின் அத்தனை தூரங்களும் அவர் கையால் பிறந்தவை. திரையில் தெரியும் பட்டையின் மேல் ஒரு காகிதத் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் பேனாவால் கோடு போட்டு, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, பிளாஸ்டிக் உறை ஒட்டிவிடுவார். பிறகு அந்தத் துண்டைப் படத்தின் மேல் தலைகீழாகப் புரட்டிப் புரட்டி நகர்த்தி எத்தனை துண்டு என்று எண்ணுவார். அதுதான் தூரம். யாராவது படத்தைப் பெரிதாக்கினாலோ சிறிதாக்கினாலோ துண்டு பொய்யாகிவிடும் என்பதால், இயக்ககத்தில் இருந்த எல்லா மவுஸிலிருந்தும் சக்கரத்தைப் பிடுங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். ஆண்டுத் தணிக்கையில் அதை எண்ணிக் காட்ட வேண்டும். இரண்டு ஆண்டுக்கு முன்னால் பழைய திரைகளை எடுத்துவிட்டுப் பெரிய திரைகள் வைத்தார்கள். துண்டு பழையதே. ஒரே வாரத்தில் நாட்டின் சாலைகள் கால் பங்கு நீண்டுபோயின. சாலைத் துறைக்குச் சாதனை விருது கிடைத்தது. புதுத் துண்டு வெட்டியபோது சாலைகள் மறுபடி குறைந்தன. விருதைத் திருப்பிக் கேட்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

துண்டுக்காரர் அவளை உட்காரவைத்து, அவள் கண்ணெதிரே தொட்டியிலிருந்து தெருவுக்குத் துண்டைப் புரட்டினார். இரண்டு துண்டும் ஒரு நகக்கண்ணும் வந்தது. ஆயிரத்து நாற்பது. பெருமையாக நிமிர்ந்தார்.

“அது இந்தக் கட்டடத்துக்குச் சரி சார். அந்த ஊருக்குச் சரியில்ல. நீங்க அந்தப் பக்கம் போயிருக்கீங்களா?”

“இருபத்தொரு வருஷமா அளக்கிறேன்மா. ஒரு எடத்தையும் நேர்ல பாத்ததில்ல. பாத்தா நமக்கு ஒரு எடம் புடிச்சுப்போகும், ஒரு எடம் புடிக்காமப்போகும். என் அளவுல பாரபட்சம்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தன் சொன்னதில்ல.”

அன்று மாலை அண்ணனுக்கு போன் போட்டாள். லாரி மீட்டரில் பார்த்துச் சொல்வதாக அவன் சொன்னான். சாலை வளைந்து வளைந்து போகிறது, அது உதவாது, நேராக அளக்க வேண்டும் என்றாள். படிக்கவைத்ததற்கு நல்ல வேலை வாங்குகிறாய் பாப்பா என்று சிரித்தான். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு டிரைவர்களைச் சேர்த்துக்கொண்டு, பாரம் கட்டும் நைலான் கயிறு ஒன்றை ஐம்பது மீட்டருக்கு வெட்டி, தொட்டிச் சுவரில் தொடங்கி முள்ளுக்காட்டுக்கு நடுவே நேர்கோடாக இழுத்துக்கொண்டு வீட்டு வாசல் வரைக்கும் வந்தான். முழங்கால் வரைக்கும் கீறல். பதினேழு கயிறு, அதற்கு மேல் நாற்பது மீட்டர். எண்ணூற்றுத் தொண்ணூறு.

“உன் கம்ப்யூட்டர் கரெக்டாத்தான் சொல்லுது” என்றான் போனில். சிரிப்பு காணாமல் போயிருந்தது. “ரெண்டாவது தடவையும் இழுத்துப் பாத்தேன். அதேதான்.”

அவள் புகைப்படங்களோடு மனு எழுதினாள். இயக்ககம் மனுவை மிகவும் பொறுப்போடு எடுத்துக்கொண்டது. கயிற்றை அனுப்பிவைக்கும்படி உத்தரவு போனது. கயிறு பஸ்ஸில் வந்தது. துண்டுக்காரர் அதைக் கீழ்த்தளத்து நடைபாதையில் நீட்டிப் போட்டுப் படம் எடுத்து, படத்தைத் திரையில் ஏற்றி, சான்று பெற்ற துண்டைப் புரட்டி அளந்தார். கயிற்றின் நீளம் நான்கு கிலோமீட்டர் என்று வந்தது.

அந்த நடைபாதையின் நீளம் அறுபது மீட்டர். இதை அவள் சுட்டிக்காட்டினாள். நடைபாதை இன்னும் அளக்கப்படவில்லை, ஆகவே அதைப் பற்றி இயக்ககத்துக்குக் கருத்து எதுவும் இல்லை என்று பதில் வந்தது. நான்கு கிலோமீட்டர் கயிற்றை ஐம்பது மீட்டர் என்று சொன்னதற்காக அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. அதன் கடைசிப் பத்தி கருணையோடு எழுதப்பட்டிருந்தது: ‘தங்கள் கணக்கையே ஏற்றுக்கொண்டாலும், மேற்படி கயிற்றால் பதினேழு முறைக்கு மேல் அளக்கப்பட்டிருப்பதால், தங்கள் இல்லம் தொட்டியிலிருந்து எழுபத்தொரு கிலோமீட்டர் தொலைவில் மிகுந்த பாதுகாப்புடன் உள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.’

தெருவில் கடிதத்தைப் படித்துவிட்டு எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். அண்ணனுக்கு நான்கு கிலோமீட்டர் என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் சங்கு ஊதியபோது அந்தச் சிரிப்பு நின்றது.

கிடங்கில் ஆபத்துக்கால ஒத்திகை. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. காலை ஆறேகாலுக்குச் சங்கு அலறியதில் அண்ணி கட்டிலிலிருந்து எழுந்த வேகத்தில் சுவரில் மோதிக்கொண்டாள். தெருவே வாசலுக்கு ஓடி வந்து நின்றது. எங்கே ஓடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது கிடங்கிலிருந்து ஆறு பஸ்கள் வந்தன. ஊழியர்களை ஏற்றிக்கொண்டு நேரே இந்தத் தெருவுக்குத்தான் வந்தன. தெருமுனையில் ஒரு காவலர் சுண்ணாம்புக் கட்டியால் குறுக்கே ஒரு கோடு போட்டார். ஊழியர்கள் இறங்கிக் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். படத்தின்படி ஆபத்து அந்தக் கோட்டோடு முடிந்துவிடுகிறது. இந்தத் தெருதான் தப்பி வந்து ஒதுங்குமிடம்.

சங்குச் சத்தத்தைப் பற்றிக் கேட்டு அம்மா பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து இயக்ககத்துக்கு ஒரு கடிதம் போட்டாள். இயக்ககத்திலிருந்து ஒரே வாரத்தில் பதில் கிடைத்தது. அவ்வளவு வேகமாக அங்கிருந்து ஒரு பதில் போனது அதுவே முதல் தடவை. ‘தங்கள் தெரு சங்கொலி எல்லைக்கு வெளியே அமைந்துள்ளது. ஆகவே அன்று காலை தாங்கள் எதையும் கேட்டிருக்க இயலாது. கேட்டதாகத் தொடர்ந்து கூறுவது வதந்தியாகக் கருதப்படும்.’

அந்தக் கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நான்காம் மாடிக்குப் போனாள். கூப்பிடாமலேயே போனாள். ஆனால் இயக்குநர் அவளுக்காகவே காத்திருந்தவர்போல உட்காரச் சொன்னார்; தேநீர் வரவழைத்தார். மெதுவாகப் பேசும் மனிதர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை, அதனால்தான் எல்லோரும் பயந்தார்கள்.

“ஒரு கிலோமீட்டர்னா ஒரு கிலோமீட்டர்தாம்மா. வடக்க போனா ஒரு பட்டை, தெக்க வந்தா ஒரு பட்டைன்னு நீ சொல்றே. நாட்டு மக்கள் எல்லாரும் சமம். அப்போ அவங்க பட்டையும் சமம். வடக்கூர்க்காரங்களுக்குத் தனிப் பட்டை போட்டா, நாளைக்கு அவங்க தனி மீட்டர் கேப்பாங்க.”

“சமமா இருக்கணும்னாத்தான் சார் பட்டை மாறணும். மாறாததால எங்க ஊருக்கு நீங்க குடுக்கிற ஒவ்வொரு நூறு மீட்டர்லயும் பதினாலு மீட்டர் கொறையுது.”

அவர் அதை ரசித்ததுபோலத் தலையசைத்தார். மேசை இழுப்பறையைத் திறந்து கிடங்கின் ஒப்புதல் ஃபைலை எடுத்து அவள் முன்னால் விரித்தார்.

“பட்டை தப்புன்னா ஒப்புதல் தப்பு. ஒப்புதல் தப்புன்னா கையெழுத்து தப்பு. கையெழுத்து என்னோடது. நீ படிச்ச பொண்ணு, நல்லாப் பாத்துச் சொல்லு. இதுல எங்கயாவது தப்பு தெரியுதா?”

பார்த்தாள். அழகான கையெழுத்து. ஒரு பிசிறு கிடையாது.

“உங்களுக்கு நான் சொல்றது புரியலையா சார், இல்ல புரியாத மாதிரி இருக்கீங்களா?”

இயக்குநர் தேநீரை ஒரு மிடறு குடித்து, கோப்பையை வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டார்.

“தரைய அளந்தா என்ன வரும்னு எங்களுக்குத் தெரியும்மா. தெரிஞ்சதாலதான் அளக்கிறதில்ல.”

அவர் தொடர்ந்து, அவள் சுறுசுறுப்பானவள், பேச்சில் பயமில்லை, இப்படிப்பட்டவர்களை ஒப்பந்தத்தில் வைத்திருப்பது இயக்ககத்துக்கு அழகல்ல, நிரந்தரமாக்கிவிடலாம் என்றார். கிடங்கின் தொடக்க விழா அன்றே நிலப்படமும், அவள் திருத்தம் இல்லாமல் பழைய எண்ணோடு, இணையத்தில் ஏறுகிறது. பட்டை சரியானது என்று அதை எழுதியவர் ஒரு சான்றிதழ் தர வேண்டும். அந்த ஊர்ப் பெண்ணே கையெழுத்துப் போட்டால் அந்த ஊருக்கும் பெருமைதானே என்றார். அவள் தரையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதையும் தாம் மறக்கவில்லை, ஆள் அனுப்புவதாகவும் சொன்னார்.

சொன்னபடியே அனுப்பினார். நான்கு பேர் ஒரு வேனில் போனார்கள். அளக்கவில்லை. ஒரு கல்லை இறக்கினார்கள். இடுப்பு உயரம், வெள்ளைச் சுண்ணாம்பு, கறுப்பு எழுத்து: ‘தொட்டியிலிருந்து 1,040 மீ. அளந்து சான்றளிக்கப்பட்டது.’ கீழே இயக்ககத்தின் முத்திரை. அண்ணன் வீட்டு வாசலுக்கு நேரே குழி தோண்டி நட்டு, சிமெண்ட் போட்டுப் பூசி, காய்கிறவரை தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

விழாவுக்கு நான்கு நாள் இருந்தபோது அவள் அம்மாவிடம் போனில் மன்றாடினாள். அண்ணியைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விடச் சொன்னாள்.

“எங்க போகச் சொல்ற? நெறமாசத்துக்காரியக் கூட்டிக்கிட்டு எவன் வீட்டு வாசல்ல போய் நிக்கிறது?” என்றாள் அம்மா. “கல்லு நட்டிருக்காங்களே, பாப்பா. சீலு குத்தியிருக்கு. ஒங்க ஆபீஸ் சீலுதானே?”

“அது பொய்ம்மா. அண்ணன் கயிறு போட்டு அளந்தானே, நீ பாத்தியே.”

“அவன் கயித்தப் பத்தி கவர்மெண்டு என்ன எழுதுச்சுன்னு ஊருக்கே தெரியும். போன்ல நீ ஒண்ணு சொல்ற, கல்லுல ஒன் ஆபீஸ் ஒண்ணு சொல்லுது. இங்க மொதல்ல எல்லாரும் பயந்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. கெளம்பிடலாம்னு நாலு குடும்பம் சாமானெல்லாம் கட்டிருச்சு. நான்தான் போய் சொன்னேன். என் பொண்ணு போட்ட பட்டைய வெச்சு அளந்த கல்லு இது, அவ தப்பா போட மாட்டான்னு. அதுக்கப்புறம்தான் கட்டுன சாமானப் பிரிச்சாங்க.”

அம்மாவின் குரலில் இருந்தது பெருமை. நாற்பத்திரண்டு வீட்டையும் அந்தப் பெருமை அங்கேயே உட்காரவைத்திருந்தது. இயக்குநருக்குக் கல்லைவிட அவள் பெயர் ஏன் தேவைப்பட்டது என்று அப்போதுதான் புரிந்தது. அம்மா போனில் சொல்வதை நம்பமாட்டாள். கடிதத்தை நம்புவாள், முத்திரையை நம்புவாள், மேடையில் மைக் பிடித்துச் சொல்வதை நம்புவாள்.

மறுநாள் காலை அவள் கண்காணிப்பாளரிடம் போய், கையெழுத்துப் போடுவதாகச் சொன்னாள். அவருக்கு மகிழ்ச்சியில் கண் கலங்கியது. மிச்ச மாதங்கள் நிம்மதியாகக் கழியும்.

விழா இயக்ககத்தின் பெரிய கூடத்தில் நடந்தது. முன்வரிசையில் கிடங்கு நிர்வாகிகள், அடுத்த வரிசையில் அதிகாரிகள், கடைசியில் ஊழியர்கள். மேடையின் நடுவில், வெல்வெட் துணி விரித்த ஒரு மேசைமேல், சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. அதை அழுத்தியதும் வடகோடியில் தொட்டி நிரம்பத் தொடங்கும். பக்கவாட்டில் ஒரு பெரிய திரை. அதில் அவள் தெரு தெரிந்தது. கிடங்குக்காரர்கள் அங்கேயும் ஒரு திரை கட்டி, பந்தல் போட்டு, விழாவை நேரடியாகக் காட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் தெருவே உட்கார்ந்திருந்தது. முதல் வரிசையில், நல்ல புடவை கட்டிக்கொண்டு, கல்லுக்குப் பக்கத்திலேயே அம்மா. அவள் தோளில் கை வைத்தபடி அண்ணி. அண்ணன் உட்காரவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

இயக்குநர் இருபது நிமிடம் பேசினார். ஒரு காலத்தில் மனிதன் காலால் நடந்து, கயிற்றால் இழுத்து, வெயிலில் காய்ந்து நிலத்தை அளந்தான் என்றார். அப்படி அளந்த காலத்தில் எல்லையிலும் வேலியிலும் எத்தனை தகராறு, எத்தனை வழக்கு. இன்று தகராறே இல்லை, காரணம், நிலத்தை அளவில் சம்பந்தப்படுத்துவதையே இயக்ககம் நிறுத்திவிட்டது என்றார். இந்தப் பட்டை ஆட்சி மாறினாலும் மாறாது, காலம் மாறினாலும் மாறாது, இடம் மாறினாலும் மாறாது என்று முடித்தார். கூடம் கைதட்டியது. துண்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு பட்டைப் பொண்ணை மேடைக்கு அழைத்தார்கள்.

சான்றிதழ் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. ‘நான் எழுதிய அளவுப்பட்டை நாடு முழுவதும் சரியானது எனச் சான்றளிக்கிறேன்.’ இயக்குநர் தம் பேனாவையே நீட்டினார். அவள் வாங்கினாள். ‘நாடு முழுவதும்’ என்பதை அடித்துவிட்டு, அதற்கு மேல் ‘இயக்குநரின் நாற்காலிக்கு மட்டும்’ என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இயக்குநர் படிக்கவில்லை. கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். பிறகு அதைப் புகைப்படக்காரர்களுக்குக் காட்டுவதற்காக இரு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கை இரண்டும் மேலே இருந்ததால் மைக்கை அவரால் பிடிக்க முடியவில்லை. அவள் பிடித்தாள்.

கூடத்தை அவள் பார்க்கவில்லை. பக்கவாட்டுத் திரையைப் பார்த்துப் பேசினாள்.

“அம்மா, நான்தான். பக்கத்துல இருக்கிற அந்தக் கல்லு பொய். அது என் அளவு இல்ல. தெரு தொட்டிக்கு ஒரு கிலோமீட்டருக்கு உள்ள இருக்கு, அண்ணன் அளந்ததுதான் சரி. அண்ணிய எழுப்பிக் கூட்டிட்டுப் போ. யாரும் அங்க இருக்காதீங்க.”

மைக் செத்துப்போனது. கண்காணிப்பாளர் மேடைக்குப் பின்னால் மைக் கம்பியைப் பிடுங்கிய வேகத்தில் அது முழுதாகக் கையோடு வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். சான்றளித்தலுக்குப் பிறகு கைதட்டல் என்று நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டிருந்தது. அதைக் கையில் வைத்திருந்தவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இயக்குநர் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தபடியே, உதடு அசையாமல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“உனக்கு முன்னாடி இருந்தவனும் மேடையிலதான் பேசினான்.”

“அவன் பேசினது எங்க தெருவுல கேக்கல சார். இது கேட்டுச்சு.”

அவள் படியிறங்கினாள். கைதட்டிக்கொண்டிருந்த வரிசைகளுக்கு நடுவே நடந்தபோது பலர் அவளுக்குப் புன்னகையோடு வழிவிட்டார்கள். அடுத்த நிகழ்ச்சி பொத்தான் என்று அறிவிப்பாளர் மைக் இல்லாமல் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். யாரோ பின்னாலிருந்து, ஏம்மா, அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள். அது காலையிலிருந்தே அவள் மேசைமேல் கிடந்தது. துணிப்பை வாசல் காவலாளியின் அறையில் இருந்தது. வடக்கே போகும் பதினொன்றரை பஸ்ஸில் ஜன்னலோரத்து இருக்கையை நேற்றே பதிவு செய்திருந்தாள்.

வெளிக்கதவைத் தள்ளும்போது போன் அடித்தது. அண்ணன். பின்னால் நாற்காலிகள் இழுபடும் சத்தம். யார் யாரோ யார் யாரையோ கூப்பிடும் சத்தம்.

“பாதிப் பேரு எந்திரிச்சுட்டாங்க, பாப்பா.”

“மீதிப் பேரு?”

“கல்லையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க.”

“அம்மா?”

அவன் பதில் சொல்வதற்குள் கூடத்துக்குள்ளிருந்து மறுபடி கைதட்டல் எழுந்தது. இந்தத் தடவை நீளமாக, எல்லோரும் எழுந்து நின்று தட்டுவதுபோல. பொத்தானை அழுத்திவிட்டார்கள்.

“நான் வர்றேன், அண்ணே. வந்து ஒவ்வொரு வீடா நானே எழுப்புறேன்” என்று சொல்லிவிட்டு, காவலாளியிடம் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பஸ் நிலையத்தை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.